குழலுக்குள் வானம் தெரிகிறதா

போன் வரவில்லை.

தேர்தல் முடிந்து, ஓட்டு எண்ணி, போலீஸ் ஸ்டேஷன்களில் வாங்கி வைத்திருந்த துப்பாக்கிகளைத் திருப்பித் தர ஆரம்பித்துவிட்டார்கள். கடையிலிருந்து தகவல் சொன்னார்கள். பண்ணைக்காட்டிலிருந்து எனக்கு ஒரு போன் வரவேண்டும். ஒவ்வொரு தேர்தலுக்கும் வரும். இந்தத் தடவை இன்னும் வரவில்லை. வாசலுக்குப் போகிறேன், வருகிறேன். தண்ணீர் குடிக்கிறேன், மறுபடி போகிறேன். வீட்டில் திட்டுகிறார்கள். கை சும்மா இருக்கட்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எழுதச் சொன்னது ஜமால் தம்பி. நான் வேலை பார்த்த பழனி துப்பாக்கிக் கடைக்கு இப்போது அவர்தான் முதலாளி. கடையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேருக்குள் தினமும் வாக்குவாதமாம். துப்பாக்கிக் குழலைக் கழுவ நாமே கலக்கிய எண்ணெய் போதுமா, பாட்டிலில் வருகிற மருந்துதான் வேண்டுமா என்று. ஒருத்தர் போனில் வீடியோ பார்த்துவிட்டு வந்து பேசுகிறார். இன்னொருத்தர் பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்துப் பேசுகிறார். லைசென்ஸ் வைத்திருப்பவர்களும் வந்து இதையே கேட்கிறார்கள்.

"நீங்க ரெண்டையும் ஊத்திப் பாத்தவரு. எழுதிக் குடுங்கண்ணே. அச்சடிச்சுக் கல்லாப் பக்கத்துல ஒட்டிருவோம்" என்றார் ஜமால் தம்பி.

நான் அஞ்சாவது வரை போனவன். ஒட்டுகிற மாதிரி எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன். ஒட்டுவதும் ஒட்டாததும் அவர் சோலி.

முதலில் நான் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்கு இருந்தேன். ஜமால் தம்பியின் அத்தா, ராவுத்தர், ஒருநாள் சைக்கிளை ரிப்பேருக்கு விட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தார். மறுநாள் என்னைக் கடைக்கு வரச் சொன்னார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கொஞ்ச வருஷம் கூட்டினேன், துடைத்தேன், ஸ்ப்ரிங் தேடினேன். பிறகு கையில் துப்பாக்கி கொடுத்தார். பழகிய காலத்தைப் பற்றி அவ்வளவுதான்.

கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மலைக்காரர்கள். பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் காப்பி, மிளகு, வாழை வைத்திருப்பவர்கள். பயிர்ப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் வாங்கியவர்கள். காட்டுமாடும் பன்றியும் இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அதற்குத்தான் துப்பாக்கி. வருஷத்துக்கு ஒருமுறை கழுவக் கொண்டுவருவார்கள்.

ராவுத்தருக்கு ஒரு வழக்கம். கல்லாவில் யார் துப்பாக்கியை வைத்தாலும் தொடமாட்டார். ஒரே ஒரு வார்த்தை சொல்வார்.

"தொறங்க."

கொண்டுவந்த ஆளே லீவரைத் தள்ளி மடக்கித் திறக்கவேண்டும். உள்ளே பார்க்கவேண்டும். பார்த்துவிட்டு இவர் பக்கம் திருப்பவேண்டும். அதற்குப் பிறகுதான் வாங்க, எப்படி இருக்கீங்க, மழை உண்டா எல்லாம். பெரிய எஸ்டேட்காரர் வந்தாலும் அப்படித்தான். போலீஸ்காரர் வந்தாலும் அப்படித்தான். ஒருமுறை ஒருவர், இப்போதுதான் வாசலில் திறந்து பார்த்துவிட்டு மூடினேன் என்று கோபப்பட்டார். ராவுத்தர் அவரைப் பார்த்தார். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. மறுபடி அதே வார்த்தை, அதே அளவு சத்தத்தில். அவர் திறந்தார். இரண்டு மூன்று வருஷம் வந்துபோனவர்கள் எல்லாம் கடைப் படி ஏறும்போதே கையை லீவரில் வைத்துக்கொண்டு வருவார்கள்.

என் வேலையைப் பார்ப்பதும் அப்படித்தான். கழுவி முடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன். குழலைத் தெரு வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார். சரியில்லை என்றால் பேசாமல் என் கையில் திருப்பித் தருவார். எங்கே சரியில்லை என்று சொல்லமாட்டார். சரியாக இருந்தால் அவரே கொண்டுபோய் அலமாரியில் சாத்துவார். ஆரம்பத்தில் நான் குழலுக்குள் விட்ட துணியைக் கொண்டுபோய், வெள்ளையாக வந்துவிட்டது பாருங்கள் மொதலாளி என்று காட்டினேன்.

"துணியக் காட்டாத. கொழலக் காட்டு" என்றார். நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

கழுவுகிற முறை இது. குழலைக் கழற்று. பின்பக்கமிருந்து நீளக் கம்பியான ராடில் நனைத்த துணி விடு, முன்னால் எடு. கொஞ்சம் ஊறவிடு. பித்தளை பிரஷ் போடு. நடுவில் திருப்பாதே, முழுசாக வெளியே போய் வரட்டும். மறுபடி துணி. பிறகு காய்ந்த துணி. பிறகு லேசாக எண்ணெய். எந்த மருந்து ஊற்றினாலும் முறை இதுதான். முறையை விட்டுவிட்டு மருந்தைப் பற்றிப் பேசுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

எங்கள் கலவை என்பது மண்ணெண்ணெய், டர்பன்டைன், வண்டி ஸ்டியரிங்குக்கு ஊற்றுகிற எண்ணெய். கூடவே கொஞ்சம் கோடைக்கானல் யூகலிப்டஸ் தைலம். தைலம் ராவுத்தர் சேர்த்தது. இப்போது வரும் தோட்டாவில் பிளாஸ்டிக் இருக்கிறது, அது குழலில் இளகி ஒட்டிக்கொள்ளும். தைலம் அதை எடுத்துவிடும். கடைக்குள் வந்தால் சளி பிடித்தவனுக்கு மூக்கு திறக்கும். ஐயப்ப சீசனில் பஞ்சாமிர்தக் கடைக்கு வருகிற கூட்டம் எங்கள் வாசலில் நின்று, இங்கே தைலம் விற்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போகும்.

ஆனால் தைலத்துக்குப் புத்தி கிடையாது. கோடைக்கானலில் ஒரு பங்களாக்காரருடைய பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. நல்ல மரக்கட்டை, கண்ணாடி மாதிரி வார்னிஷ். குழலைக் கழற்றாமல் கழுவியதில் தைலம் கட்டையில் வழிந்துவிட்டது. வார்னிஷ் பிசின் மாதிரி இளகி, பிடித்தால் கை ரேகை விழுந்தது. ராவுத்தர் அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கத் தேய்த்தார். புது வார்னிஷ் அவரே போட்டார். யார் கழுவியது என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து குழலைக் கழற்றாமல் கடையில் யாரும் கழுவியதில்லை.

பாட்டில், ஜமால் தம்பி காலேஜ் முடித்துக் கடைக்கு வந்த பிறகு வந்தது. சின்ன பாட்டில், வெளிநாட்டு எழுத்து, மூக்கில் குத்துகிற வாடை. எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததை விட்டுவிட்டுச் சொன்னால், வேலை செய்தது. கோடைக்கானலில் ஒரு கிளப்பின் ரைபிள்கள் வந்தன. சின்னக் குழல், உள்ளே வரிவரியாக ஈயம் அப்பிக் கிடந்தது. எங்கள் கலவையில் ஊறவைத்துத் தேய்த்துப் பார்த்தேன், கை வலித்ததுதான் மிச்சம். பாட்டில் மருந்தை ஊற்றினேன். ஈயம் செதில் செதிலாகத் துணியில் வந்தது. ராவுத்தர் குழலைப் பார்த்துவிட்டு அலமாரியில் சாத்தினார். ஜமால் தம்பி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

இன்னொரு நாள், கருமருந்து இடித்துப் போடுகிற பழைய நாட்டுத் துப்பாக்கி வந்தது. அதற்கு அதே பாட்டிலை ஊற்றினோம். தார் மாதிரி ஆகிவிட்டது. அதற்கு எங்கள் கலவையும் ஆகாது. வெந்நீர்தான். கருமருந்துக் கசடில் உப்பு இருக்கிறது, உப்புக்குத் தண்ணீர்தானே. ராவுத்தர் டீக்கடையிலிருந்து ஒரு கெட்டில் வெந்நீர் வாங்கிவரச் சொன்னார். டீக்கடைக்காரர் இன்றைக்கும் என்னைப் பார்த்தால், துப்பாக்கிக்கு டீ வேணுமா என்று கேட்பார்.

ஆக, எது நல்லது என்ற கேள்விக்கு இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இல்லை. எந்தத் தோட்டா, எந்தக் குழல் என்று பார்த்து ஊற்றவேண்டியது. இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் ஜமால் தம்பி எழுதச் சொன்னது இதற்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவரும் நானும் நேருக்கு நேர் பேசாத ஒன்று உண்டு. அது வீரம்மா அக்காவின் துப்பாக்கி.

தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கவேண்டும். ஓட்டு எண்ணி முடிந்த பிறகுதான் கைக்கு வரும். மலை மேலே அது சும்மா கிடக்கிற காலம் கெட்ட காலம். மேகம் ஜன்னல் வழியாக அறைக்குள் வரும். இரும்பு வியர்க்கும். அதனால் ஒப்படைக்கும் முன்னால் எங்களிடம் கொண்டுவருவார்கள். கழுவி, உள்ளே எண்ணெய் பூசி, இரண்டு முனையிலும் மெழுகு வைத்து அடைப்போம். மலைத் தேன்மெழுகும் விளக்கெண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியது. இளஞ்சூட்டில் பெருவிரலால் அமுக்கவேண்டும். காற்றும் ஈரமும் போகாது. அடைத்த துப்பாக்கிக்கு விசைப் பக்கம் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுவோம். சிவப்புத் துணி இருந்தால் கடைக்கு வந்து மெழுகை எடுத்துக்கொண்டுதான் போகவேண்டும். எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு.

ஜமால் தம்பி வந்த பிறகு இரண்டு தேர்தலுக்கு மெழுகை விட்டுவிட்டோம். பாட்டிலால் கழுவி, அதே கம்பெனி எண்ணெயை மெல்லிசாகப் பூசி அனுப்பினோம். ஸ்டேஷனிலிருந்து வாங்கியதும் ஒரு துணி விட்டுத் துடைத்தால் போதும், கீழே இறங்கி வரவேண்டாம். மலைக்காரர்களுக்கு ரொம்பப் பிடித்தது. பஸ் செலவு இல்லை, ஒரு நாள் வேலை கெடாது. சிலர் வீட்டுக்கும் ஒரு பாட்டில் வாங்கிப் போனார்கள். வீரம்மா அக்காவும் வாங்கியது.

இரண்டாவது தேர்தல் பஞ்சாயத்துத் தேர்தல். ஐப்பசி மழைக்குள் வந்தது. துப்பாக்கிகள் திரும்பியபோது குழலுக்குள் காப்பித்தூள் தூவின மாதிரி துரு. இரண்டு குழல் அரித்தே போய்விட்டது. வீரம்மா அக்கா மாதிரி சிலருடையது மட்டும் தப்பியது. ஆட்கள் வந்து கடை வாசலில் நின்று பேசிய பேச்சை எழுதமுடியாது. ராவுத்தர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கூட்டம் போன பிறகு என்னிடம் மெழுகுச் சட்டியை எடுக்கச் சொன்னார்.

அடுத்தது பார்லிமென்ட் தேர்தல். பழையபடி மெழுகு, பழையபடி சிவப்புத் துணி.

வீரம்மா அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். புருஷன் போன பிறகு லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டது. பண்ணைக்காட்டுக்குக் கீழே சரிவில் வாழையும் மிளகும். அதன் மலைவாழைப் பழம் பழனிக்குப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும். என்னைவிட நாலைந்து வயது மூத்தது. கடைக்கு வந்தால் கல்லாவில் துப்பாக்கியை வைக்கும்போதே மடக்கித் திறந்துவிடும். "சொல்லுறதுக்குள்ள தொறந்துட்டேன் பாரு ராவுத்தரே, இன்னிக்காவது வேற ஒரு வார்த்த பேசுங்க" என்று சிரிக்கும். ராவுத்தரும் அதற்கு மட்டும் லேசாகச் சிரிப்பார்.

அந்தத் தேர்தலுக்கு அக்கா வரவில்லை. மிளகு பறிப்பு. மருமகனிடம் துப்பாக்கியைக் கொடுத்தனுப்பியது. அவரிடம் சொன்னேன், இந்தத் தடவை மெழுகு, வாங்கியதும் கடைக்குக் கொண்டுவாருங்கள் என்று. தலையாட்டினார். போய்ச் சொன்னாரா, சொன்னது காதில் விழுந்ததா, தெரியாது.

எண்ணி முடிந்து துப்பாக்கிகள் வர ஆரம்பித்தன. ஒரு மத்தியானம் பண்ணைக்காடு செவனாண்டி தன் ஜீப்பில் வந்தார். வீரம்மா அக்காவுக்குப் பக்கத்துத் தோட்டம். அவர் துப்பாக்கியில் சிவப்புத் துணி இருந்தது. மெழுகை எடுத்துக்கொண்டே, அக்கா துப்பாக்கி இன்னும் வரலையே என்று கேட்டேன்.

"அது இங்கிட்டு வராதுப்பா. முந்தாநாளே வாங்கிட்டுப் போயிருச்சு. போன தடவ மாதிரி தொடச்சாப் போதும், எதுக்குக் கெடந்து கீழ அலையணும்னு சொல்லுச்சு. காட்டுமாடு வேற தெனமும் எறங்குது. இன்னிக்குப் பொழுது சாயுறதுக்குள்ள ஒரு வெடி போட்டுருவேன்னுச்சு."

சிவப்புத் துணி கட்டியிருந்ததே என்றேன்.

"அதுவா? வெளக்கமாறு பிரிஞ்சு கெடந்துச்சு. அவுத்து அதுக்குக் கட்டிருச்சு."

முனையில் அடைப்போடு சுட்டால் குழல் வெடிக்கும். குழலுக்கு அடியில்தான் இடது கை இருக்கும். பக்கத்தில் முகம் இருக்கும். இதை விளக்கவேண்டியதில்லை.

போன் போட்டோம். அடித்தது, எடுக்கவில்லை. அக்கா போனை வீட்டு மாடத்தில் வைத்துவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போகும். மருமகன் போனில் சிக்னல் இல்லை. ஸ்டேஷனுக்குச் சொன்னோம். ஆள் எல்லாம் சீசன் கூட்டத்துக்குப் போயிருக்கிறார்கள், வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். ஜமால் தம்பி முகம் வெளுத்துப்போய் நின்றார். அக்காவுக்குப் பாட்டில் விற்றது அவர். ராவுத்தர் எழுந்தார். சுவரில் மாட்டியிருந்த நீள ராடை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"வெரசாப் போ" என்றார்.

செவனாண்டி ஜீப்பில் ஏறினேன். மலைப்பாதையில் அவரைப்போல் ஓட்ட ஆள் கிடையாது. ஆனால் அது மே மாதம். கோடைக்கானல் சீசன். மேலே போகப் போக வண்டி மேல் வண்டி. வளைவுக்கு வளைவு நின்று போட்டோ எடுக்கிறார்கள். குரங்குக்கு பிஸ்கட் போடுகிறார்கள். செவனாண்டி இறங்கிப் போய்க் கெஞ்சினார், திட்டினார். ஒருத்தர் ஜன்னலை இறக்கி, எல்லாருக்கும் அவசரம்தான் சார் என்றார். நான் ராடை இரண்டு முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் எந்த மலையில் இருக்கிறது என்று பார்ப்பேன். போன் போடுவேன். அடிக்கும். நின்றுபோகும். மறுபடி போடுவேன். பெருமாள்மலையில் ஜீப் நின்றே விட்டது. எனக்கு இறங்கி ஓடலாம் போல இருந்தது. ஓடி எங்கே போவது.

பெருமாள்மலை தாண்டி ஊத்து என்ற ஊர் வழியாகத் திரும்பிய பிறகு பாதை காலியாக இருந்தது. அக்கா வீட்டுக்கு அப்பால் ஜீப் போகாது. நடக்கவேண்டும். வீடு திறந்து கிடந்தது. மாடத்தில் போன் இருந்தது, நான் போட்டு எடுக்காத போன் எல்லாம் அதில் காட்டியது. துப்பாக்கி மாட்டுகிற ஆணி வெறுமையாக இருந்தது. வாசல்படியில் அந்த பாட்டில். பக்கத்தில் முழங்கை நீளக் குச்சியில் சுற்றிய துணி காய்ந்துகொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தேன். வெள்ளையாக இருந்தது.

அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. பின்பக்க மெழுகு கண்ணுக்குத் தெரியும், தோட்டாவும் போகாது. அதை அக்கா கத்தியால் நோண்டி எடுத்துவிட்டது. பாட்டிலை ஊற்றிக் குச்சியால் துடைத்திருக்கிறது. குச்சி பாதிக் குழல்தான் போகும். போன தூரம் வரை சுத்தம். துணி வெள்ளை. முன்முனை மெழுகு எண்ணெய் கலந்து கறுப்பாக, விளிம்புக்கு உள்ளே தள்ளி இருக்கும். சாதாரணமாகப் பார்த்தால் ஓட்டை மாதிரியேதான் தெரியும்.

வாழைக்குள் இறங்கினோம். பாதி தூரத்தில் ஒரு வெடிச் சத்தம் கேட்டது. என் கால் நின்றுவிட்டது. செவனாண்டி என் தோளைப் பிடித்துத் தள்ளினார். "அது எதுத்தாப்புலப்பா. அங்கிட்டு வெரட்டுனா இங்கிட்டுத்தான் வரும். நட" என்றார்.

வந்துவிட்டன. ஓடைப் பக்கத்து வாழை ஆடியது. காட்டுமாடுகளின் முதுகு தெரிந்தது. எங்களுக்கும் அவற்றுக்கும் நடுவில், நாலைந்து வாழை தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு அக்கா நின்றது. கட்டை தோளில், குழல் வானத்தில், இடது கை குழலுக்கு அடியில்.

செவனாண்டி கத்தினார், "அக்கா, சுடாத, வேணாம்" என்று.

அக்கா திரும்பவே இல்லை. "மேலதான்டா சுடுறேன். ஒன் மாட்டுக்கு ஒண்ணும் ஆவாது. பாரஸ்டுக்காரன் மாதிரி கத்தாத" என்றது. விசைக்கு மேலே இருக்கிற குதிரையைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

மெழுகு இருக்கிறது, அடைப்பு இருக்கிறது, இந்தத் தடவை முறை வேறே என்று சொல்ல எனக்கு நேரம் இல்லை. பேச்சுக்காரனும் இல்லை நான். வாயில் வந்தது ஒரே வார்த்தை. கத்தவில்லை. கல்லாவுக்குப் பின்னால் நிற்கிற மாதிரி, ராவுத்தர் சொல்கிற சத்தத்தில் சொன்னேன்.

"தொறங்க."

அக்காவின் கை குதிரையைத் தணித்தது. லீவருக்குப் போனது. துப்பாக்கி மடங்கித் திறந்தது. தோட்டா பாதி வெளியே எட்டிப் பார்த்தது. அதன் பிறகுதான் அக்கா திரும்பியது.

"ராவுத்தரு எங்க இங்கிட்டு வந்தாரு?" என்றது.

உள்ளே பாருங்க அக்கா என்றேன். தோட்டாவை எடுத்து மடியில் போட்டுக்கொண்டது. குழலை வானத்துக்குத் தூக்கிப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. கீழே வாழை முறிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"ஏலே முத்து, இருட்டாக் கெடக்கு" என்றது என்னைப் பார்த்து. அதன் குரலில் சிரிப்பு இல்லை.

செவனாண்டி ஒரு தகர டின்னைத் தட்டி மாடுகளை ஓடைக்கு அந்தப் பக்கம் விரட்டினார். நான் குழலைக் கழற்றிப் பின்பக்கமிருந்து ராடை விட்டேன். முனையில் போய் முட்டியது. அமுக்கினேன். மெழுகு வந்து அக்காவின் உள்ளங்கையில் விழுந்தது. கட்டைவிரல் பருமன். அதன் ஒரு தலையில் பெருவிரல் ரேகை அச்சாகப் பதிந்திருந்தது. என்னுடையதுதான். அக்கா அதையும் பார்த்தது, தன் இடது கையையும் பார்த்தது. இரண்டையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டது.

அப்புறம் வீட்டுக்கு வந்து வெந்நீர் போட்டோம். வெந்நீரை ஊற்றி மிச்ச மெழுகை இளக்கினேன். பிறகு அக்காவின் பாட்டிலையே ஊற்றித் துடைத்தேன். நன்றாக வேலை செய்தது. பாட்டிலின்மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அக்காவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு திரும்பியது.

"ரெண்டு வாழ போச்சு. ஒங்க மொதலாளிய வந்து நட்டுக் குடுக்கச் சொல்லு" என்றது. காப்பி கொடுத்தது. குடித்தோம்.

மறுநாள் கடைக்குப் போனேன். ராவுத்தர் வெள்ளனே வந்து உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"தொறந்துச்சா?" என்றார்.

"தொறந்துச்சு மொதலாளி" என்றேன்.

கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தார்.

அடுத்த தேர்தலுக்கு மெழுகு வைத்தபோது ஜமால் தம்பி ஒரு யோசனை சொன்னார். முன்முனை மெழுகுக்குள் ஒரு மூங்கில் குச்சியைச் செருகி, ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விடலாம் என்றார். சிவப்புப் பெயின்ட் அடித்த குச்சி. வெளக்கமாற்றுக்குக் கட்டமுடியாது. உள்ளே இருப்பது வெளியே தெரியும். வெந்நீர் விட்டுப் பிடித்து இழுத்தால் மெழுகோடு வந்துவிடும், கீழே வரவும் வேண்டாம். நல்ல யோசனை. ராவுத்தர் அந்த முதல் துப்பாக்கியைத் தானே கொண்டுபோய் அலமாரியில் சாத்தினார். மவுத்தாகிக் கண்மூடும் வரை அவர் மகனைப் பாராட்டி நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அதனால் கடைக்காரர்களுக்கு நான் சொல்வது இது. கலவையோ பாட்டிலோ, எதை ஊற்றினாலும் ஊற்றுங்கள். போன தடவை ஒன்று, இந்தத் தடவை ஒன்று என்று மாற்றினால், அடுத்துத் துப்பாக்கியைத் தொடப்போகிற கைக்கு அது தெரியவேண்டும். மருமகனிடம் சொல்லிவிட்டோம் என்பது போதாது. இதை வேண்டுமானால் ஒட்டுங்கள்.

மற்றது எனக்கும் அக்காவுக்கும். அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தல் முடிந்து துப்பாக்கி கைக்கு வந்ததும் அக்கா போன் போடும். நான் சவுகரியம் விசாரிக்கமாட்டேன்.

"தொறந்தீங்களா?" என்பேன்.

"தொறந்துட்டேன்."

"என்ன தெரியுது?"

"அங்கிட்டு வானம் தெரியுதுலே" என்னும். வைத்துவிடும். நான் கடையை விட்டு நின்ற பிறகும் அது மாறவில்லை.

போன தேர்தலுக்குப் போன் வந்தபோது, "வானம் மங்கலாத் தெரியுது" என்றது. நான் சரி என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு யோசித்தேன். மங்கலாக இருந்தது குழலா, கண்ணா? கேட்கவில்லை.

இன்றைக்குக் காலையில் ஜமால் தம்பியிடம் கேட்டுவிட்டேன். அக்கா துப்பாக்கி குச்சி வைத்துத்தான் போயிருக்கிறது. தெரியும். குச்சி ஒடியும், அதுவும் தெரியும். ஒடிந்தால் மெழுகு உள்ளே நிற்கும். வெள்ளைத் துணி வரும். அக்கா வானத்துக்குத் தூக்கிப் பார்க்கும். மங்கலாகத் தெரியும், போன தடவை மாதிரியே என்று நினைத்துக்கொள்ளும்.

போட்டுப் பார்த்தேன். அடிக்கிறது. எடுக்கவில்லை. மாடத்தில் இருக்கும்.

கோடைக்கானல் பஸ் இருக்கிறது. பெருமாள்மலையில் இறங்கினால் பண்ணைக்காட்டுக்கு ஜீப் கிடைக்கும். ராடை எடுத்து வைத்துவிட்டேன், கிளம்புகிறேன். மிச்சத்தை ஜமால் தம்பி எழுதிக்கொள்ளட்டும்.